தீ மூட்டும் உரிமை யாருக்கு?

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



காட்டுக்குத் தீ வைப்பவன் குற்றவாளி என்று எண்ணியே நாமெல்லோரும் பழகிவிட்டோம். சட்டம் படித்தவர் உள்ளத்தில் அவ்வெண்ணம் இன்னும் ஆழப் பதிந்திருக்கும். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டதோ, தீ வைக்காமல் விட்டதனால் ஒரு காடு கெட்ட வரலாறு. தீ வைக்கும் உரிமை பறிபோனதோடு, ஒரு மக்கட் கூட்டம் தன் மண்ணை ஆளும் உரிமையையும் இழந்த வரலாறு அது.

இது நடந்த இடம் அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்குக் கரை. கலிபோர்ணியா மாநிலத்தின் வடபகுதியிலே கிளமத் என்னும் ஆறு மலைகளை ஊடறுத்துப் பசிபிக் கடலை நோக்கி ஓடுகிறது. அவ்வாற்றின் நடுப்பகுதியில் வாழும் பூர்வ குடியினர் கறூக் மக்கள். நாம் அந்நாட்டைக் கண்ணாற் கண்டதில்லை. அம்மக்களின் அறிக்கைகளையும், அவர்கள்மீது சுமத்தப்பட்ட சட்டங்களையும் படித்துவிட்டே பேசுகின்றோம். ஆயினும் அச் சட்டங்களின் சொற்களைப் படித்தபோது, எங்கோ முன்னரும் படித்த சொற்களாகவே தோன்றின. காரணத்தைப் பின்னர் சொல்லுவோம்.

கறூக் மக்கள் காட்டுக்கு ஏன் தீ வைத்தனர்? இச் சபையிலுள்ள கமக்காரர் பலருக்குச் சேனை வெட்டிச் சுட்ட அனுபவம் உண்டு. நாம் பற்றையை வெட்டிக் காயவைத்துச் சுடுவது விதைப்பதற்காக. அவர்கள் சுட்டதோ காடு நிற்கவேண்டும் என்பதற்காக. நிற்கின்ற பெருமரங்களுக்கு ஊறு வராமல், நிலத்திற் கிடக்கும் சருகையும் சுள்ளியையும் சிறு பற்றையையும் மட்டும் தின்னுகின்ற தாழ்ந்த தீ அது. இலையுதிர் காலத்து முதல் மழை பெய்து நிலத்தில் ஈரம் பிடித்தபின், காற்று அடங்கிய நாள் பார்த்து, சரிவின் மேற்புறத்திலே தீயை மூட்டிக் கீழ்நோக்கி மெல்ல இறங்க விடுவார்கள். மேலே ஏறும் தீ ஓடும். கீழே இறங்கும் தீ நடக்கும். இந்த வேற்றுமை சேனைக்காரருக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதன்று.

அவர்களுடைய சோறு ஓக் மரத்தின் கொட்டை. அதை இடித்து, நீரிற் பலமுறை ஊறவைத்துக் கசப்புப் போக்கி, கூழாகக் காய்ச்சி உண்பார்கள். அக் கொட்டைக்குள் ஒருவகைப் புழு புகுந்து கெடுக்கும். புழுப்பட்ட கொட்டைதான் முதலில் உதிரும். உதிர்ந்ததும் புழு வெளியேறிச் சருகின் அடியிலும் மண்ணிலும் தங்கி அடுத்த ஆண்டின் விளைச்சலுக்குக் காத்திருக்கும். ஆண்டுதோறும் மரத்தடியைச் சுட்டால் அப் புழு அழியும். பின்பு உதிரும் நல்ல கொட்டையைப் பொறுக்குவதும் எளிதாகும். கூடை முடைவதற்கு அவர்கள் கையாளுவது ஹேசல் என்னும் செடியின் இளந் தளிர்த் தண்டு. சுடப்படாத செடியின் கொம்பு வளைந்து கிளைத்து ஒன்றுக்கும் உதவாது. சுட்ட அடியிலிருந்து அடுத்த ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டிலும் எழும் தண்டோ நேராகவும் ஒடியாமலும் வளரும். குழந்தையை வைக்கும் தொட்டில் முதல் மீன் சுமக்கும் கூடை வரை அதனாலேயே ஆனது.

ஆற்றிலே சமன் மீன். பேணியில் அடைத்து நம் கடைகளுக்கு வருகின்றதே, அந்த இனந்தான். கடலில் வளர்ந்து முட்டையிட ஆறேறி வரும் இம் மீன், நீர் வெப்பமானாற் செத்துப்போகும். கோடை முடிவிலே, உலகைப் புதுப்பிக்கும் சடங்கு என்று அவர்கள் போற்றும் விழாவில், மலைச்சரிவிலே தீயிட்டு மீனை அழைப்பது வழக்கம். இதனை மூட நம்பிக்கை என்று நகைத்தவர் பலர். பள்ளத்தாக்கிலே படியும் புகை வெயிலைத் தடுத்து ஆற்றுநீரின் வெப்பத்தைக் குறைக்கின்றது என்று கிளமத் பகுதியில் ஆய்வு செய்தவர்களே 2018 இல் எழுதியிருக்கின்றனர். நகைத்தவர்கள் அதைப் படித்தார்களோ என்னவோ!

இனிச் சட்டத்துக்கு வருவோம்.

கலிபோர்ணியா ஒரு மாநிலமாக ஒன்றியத்திற் சேர்வதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே, 1850 ஏப்ரலில், அதன் சட்டசபை ஒரு சட்டத்தை இயற்றியது. இந்தியர் என்று அவர்கள் அழைத்த பூர்வ குடிகளை ஆள்வதற்கும் பாதுகாப்பதற்குமான சட்டம் என்று அதற்குப் பெயர். பாதுகாப்பின் இலட்சணத்தைக் கேளுங்கள். பூர்வ குடியினர் எவருடைய சாட்சியத்தைக் கொண்டும் வெள்ளையர் எவரையும் குற்றவாளியாகத் தீர்க்கக் கூடாது என்றது ஆறாம் பிரிவு. அவர்களின் பிள்ளைகளை வெள்ளையர் வேலைக்கு எடுத்து வைத்துக்கொள்ளவும் அச் சட்டம் வழி செய்தது. பத்தாம் பிரிவு, புல்வெளிக்குத் தீ வைப்பவருக்குத் தண்டனை விதித்தது. ஓர் இனத்தின் உணவும் தொழிலும் வழிபாடும் ஒரே பிரிவினாற் குற்றமாக்கப்பட்டன.

1851 இலும் 1852 இலும் ஐக்கிய நாட்டு அரசின் தூதுவர்கள் கலிபோர்ணியப் பூர்வ குடிகளோடு பதினெட்டு உடன்படிக்கைகள் செய்தனர். நிலம் ஒதுக்குவதாகக் கைச்சாத்திட்டார்கள். செனற் சபையோ 1852 இல் அவற்றை ஏற்க மறுத்ததோடு நில்லாமல், பத்திரங்களை இரகசியமாகப் பூட்டியும் வைத்தது. 1905 ஆம் ஆண்டுவரை அவை வெளிவரவில்லை. அதே 1905 இலேதான் கிளமத் வனம் அரசின் ஒதுக்குக் காடாகப் பிரகடனம் செய்யப்பட்டது. கறூக் மக்களின் தாயகம் பத்து இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்டது. அதிற் பெரும்பங்கு இன்று மத்திய அரசின் வனத் திணைக்களத்தின் கையில் இருக்கின்றது.

இங்கே ஒரு வார்த்தை இடையிற் சொல்ல அனுமதியுங்கள். கலிபோர்ணியச் சட்டத்துக்குப் பத்தாண்டு முன்னர், 1840 இல், இந்த இலங்கையிலே முடிக்குரிய காணிகள் பற்றிய கட்டளைச் சட்டம் ஒன்று பிறந்தது. காடும் தரிசும், குடியிராத நிலமும் பயிரிடாத நிலமும், எதிர்மாறு நிரூபிக்கப்படும் வரை முடிக்கே உரியன என்று அது அனுமானித்தது. உரித்தை நிரூபிக்கும் பாரம் காட்டை ஆண்டு வந்தவன் தலையிலே ஏற்றப்பட்டது. ஓய்வுக்கு விட்ட சேனை, சட்டத்தின் கண்ணுக்கு ஆளில்லாக் காணியாயிற்று. சுட்டுப் பேணிய வனம், அங்கே ஆளில்லாத வனமாயிற்று. சொற்கள் ஏன் பழக்கமாகத் தோன்றின என்பது இப்பொழுது விளங்கும். ஒப்புமையை இதற்கு மேல் நீட்ட நாம் விரும்பவில்லை. அவர்களுடைய வழக்கு அவர்களுடையது.

1910 இல் ஐடகோ, மொன்ரானா மாநிலங்களிலே பெருந்தீ எழுந்து இரண்டே நாளில் ஏறத்தாழ முப்பது இலட்சம் ஏக்கரை அழித்தது. தீயணைக்கச் சென்றோருட் பலர் மாண்டனர். அதன்பின் வனத் திணைக்களத்துக்குத் தீ என்றாலே பகை. 1935 இல் ஒரு கட்டளை பிறந்தது: எங்கே தீ காணப்பட்டாலும் மறுநாட் காலை பத்து மணிக்குள் அடக்கிவிட வேண்டும். மின்னல் மூட்டியதாயினும் மனிதன் மூட்டியதாயினும் ஒன்றே நீதி. 1978 வரை இக் கொள்கை நின்றது.

மறுத்துச் சொன்னவர்கள் இல்லாமலில்லை. 1916 இல், கிளமத் ஆற்று ஜக் என்று அறியப்பட்ட பூர்வ குடி முதியவர் ஒருவரின் கடிதத்தை மாநில மீன், வேட்டைத் துறையின் ஏடு வெளியிட்டது. சுடாமல் விட்டாற் கொட்டையிற் புழு பெருகும் என்றும், சருகும் பட்டையும் குவிந்தால் ஒருநாள் பெருந்தீ வரும் என்றும் அவர் எளிய மொழியில் விளக்கினார். ஏடு அவர் கடிதத்தோடு ஒரு மறுப்பையும் சேர்த்தே அச்சிட்டது! இரண்டாண்டு கழித்து, அவ்வட்டார வன அதிகாரி ஒருவர், தீ வைப்போரைக் கண்டவிடத்திற் சுடுவதே உறுதியான வழி என்று மேலிடத்துக்கு எழுதினார். 1943 இல், வோஷிங்டன் மாநிலத்தின் கொல்வில் ஒதுக்கிடத்திற் பணிசெய்த வன உத்தியோகத்தர் ஹரல்ட் வீவர், தேவதாரு இனக் காடுகளுக்குத் தாழ்தீ அவசியம் என்று வனவியல் ஏட்டிலேயே எழுதினார். கேட்டவர் சிலர்.

நூறாண்டு தீயை அடக்கிய காட்டிலே நடந்தது என்ன? சருகு முழங்காலளவு படிந்தது. அதன்மேற் பற்றை வளர்ந்தது. பற்றைக்கு மேல் நெருக்கமாகச் சிறு ஊசியிலை மரங்கள் எழுந்து ஓக் மரங்களுக்கு வெயில் விடாமல் மூடின. நிலத்திலிருந்து உச்சிவரை தீ ஏறுவதற்கு ஓர் ஏணி அமைந்துவிட்டது. தாழ நடக்கும் தீயாக முடிந்திருக்கவேண்டியது, மர உச்சிகளிலே தாவி ஓடும் தீயாகிறது. அப்படிப்பட்ட தீயை எந்தப் படையும் அணைக்க முடியாது.

2020 செப்டெம்பர் 8 ஆம் நாள் கடுங் காற்றிலே அத் தீ வந்தது. சிலேற்றர் தீ என்று பெயரிட்டனர். கறூக் மக்கள் பலர் வாழும் ஹப்பி காம்ப் என்னும் சிற்றூரிலே ஏறத்தாழ இருநூறு வீடுகள் சாம்பராயின, இருவர் மாண்டனர், ஒன்றரை இலட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது.

இவ்விடத்தில் இரண்டு எண்களை உங்கள் முன் வைக்கின்றோம். 2020 ஆம் ஆண்டு முழுவதிலும் கலிபோர்ணியாவில் எரிந்தது சுமார் 43 இலட்சம் ஏக்கர். பேரழிவு என்று உலகமே பேசிற்று. 1800 ஆம் ஆண்டுக்கு முன்னர், மின்னலாலும் பூர்வ குடிகளின் கையாலும் அம் மாநிலத்தில் ஆண்டுதோறும் எரிந்தது சுமார் 45 இலட்சம் ஏக்கர் என்பது 2007 இல் ஆய்வாளர் வெளியிட்ட மதிப்பீடு. எரிந்த பரப்பு ஏறத்தாழ ஒன்றே. அன்று எரிந்தபின் காடு நின்றது, ஊர் நின்றது. ஆகவே வழக்கு தீயைப் பற்றியதன்று, எவர் எந்தப் பருவத்தில் எவ்வாறு மூட்டினார் என்பதைப் பற்றியது.

எதிர்வாதத்தையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். வேண்டுமென்று வைத்த தீயும் கைமீறும். 2022 ஏப்ரலில் நியூ மெக்சிக்கோவில் வனத் திணைக்களமே மூட்டிய தீ கைமீறி, முன்னர் குவித்து எரித்த இடத்திலிருந்து மீண்டெழுந்த மற்றொரு தீயோடு கலந்து, மூன்று இலட்சத்து நாற்பதாயிரம் ஏக்கருக்கு மேல் எரித்தது. நூற்றுக்கணக்கான வீடுகள் போயின. தலைமுறை தலைமுறையாக அம் மலைகளில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் நட்டஈட்டுக்கு அலைந்தன. அவர்களுக்கு எண்களைக் காட்டி ஆறுதல் சொல்லமுடியாது. ஆயினும் எண் இருக்கின்றது: தாம் திட்டமிட்டு மூட்டும் தீக்களில் நூற்றுக்கு 99.84 திட்டப்படியே முடிகின்றன என்று திணைக்களம் அவ்வாண்டு கூறிற்று. தொண்ணூறு நாள் எல்லா எரிப்பையும் நிறுத்திவைத்து விசாரித்த பின்பும், எரிப்பைக் கைவிட அது துணியவில்லை.

நாம் சட்டத்தரணிகள், எங்கள் கண் போவது பொறுப்பின் பக்கம். தீ கைமீறினால் அணைக்கும் செலவு முழுவதும் மூட்டியவன் தலையில் விழும் என்றால், எவன் மூட்டுவான்? 2021 இல் கலிபோர்ணியா இதனைத் திருத்தியது. தகுதி பெற்ற எரிப்புத் தலைவரும் பூர்வ குடி மரபில் எரிப்பவரும், உரிய ஒழுங்குகளைக் கடைப்பிடித்திருப்பின், பெருங் கவனயீனம் இருந்தாலன்றி அச் செலவுக்குப் பொறுப்பாளிகள் ஆகார். 2023 இல் இரண்டு கோடி டொலர் நட்டஈட்டு நிதியும் ஏற்படுத்தப்பட்டது. மரபில் எரிப்பவர் என்ற சொல் சட்டப் புத்தகத்தில் ஏறியதே பெரிது. அதே ஆளை 1850 இற் குற்றவாளி என்றது அதே சட்டசபை.

ஆனால் அனுமதிப்பத்திரம் வேறு, அதிகாரம் வேறு. தன் பாட்டன் சுட்ட சரிவைச் சுடுவதற்குத் தீயணைப்புத் துறையிடம் ஒரு பத்திரமும், காற்றுத் தூய்மைச் சபையிடம் மற்றொரு பத்திரமும் கேட்டு நிற்பவன், கேட்கும்போதே அது தன்னுடையதன்று என்று ஒப்புக்கொண்டவனாகின்றான். கறூக் மக்கள் இதனை மறுத்தார்கள். பல ஆண்டு வாதாடியபின், 2024 இல் இயற்றப்பட்ட சட்டம் அவர்கள் பக்கம் ஓரடி நகர்ந்தது. மத்திய அரசினால் அங்கீகரிக்கப்பட்ட பூர்வ குடி அரசோடு மாநிலம் உடன்படிக்கை செய்துகொள்ளலாம். செய்தபின் அவர்களுடைய மரபு எரிப்புக்கு மாநிலப் பத்திரம் வேண்டியதில்லை. அரசும் அரசும் எதிரெதிர் அமர்ந்து செய்யும் ஒப்பந்தம் அது. அவ்வாறு முதலிற் கைச்சாத்திட்டவர்கள் கறூக் மக்களே. 2025 பெப்ரவரி மாதம்.

கைதட்டுவதற்கு முன் இதையும் கேளுங்கள். அது மாநிலச் சட்டம். மத்திய அரசின் வனத்தில் அது செல்லாது. தாயகத்தின் பெரும்பகுதி மத்திய வனம் என்று முன்னரே சொன்னோம். ஆகவே உடன்படிக்கை பயன்படுவது எஞ்சிய சிறு பகுதியிலேதான். மற்றைய மலைச்சரிவுகளுக்கு இன்றும் திணைக்களத்தின் திட்டமும் சூழல் ஆய்வும் மேலதிகாரியின் கையொப்பமும் வேண்டும். முதல் மழைக்கும் அடைமழைக்கும் இடையே சுடுவதற்கேற்ற நாட்கள் ஓர் ஆண்டிற் சிலவே. காகிதம் மேசைக்கு மேசை நகர்கையில் அந்நாட்கள் கழிந்துவிடும்; அடுத்த நாளுக்கு இன்னோராண்டு.

2014 முதல் அவ்வாற்றங்கரையிலே ஆண்டுதோறும் பயிற்சி எரிப்பு நடக்கின்றது. பூர்வ குடி இளைஞரும் திணைக்களத்தின் ஆட்களும் பக்கத்து வீட்டு வெள்ளையரும் ஒரே வரிசையில் நின்று சருகுக்குத் தீ மூட்டிக் காவல் நிற்கின்றனர். சட்டம் வரும்வரை அவர்கள் தொழிலை மறந்துவிடவில்லை. மத்திய வனத்தையும் உள்ளடக்கிய ஓர் உடன்படிக்கையே அவர்களுக்கு எஞ்சியுள்ள வழக்கு.

நேரம் சென்றுவிட்டது. சேனைச் சூடு பற்றி இரண்டொருவர் கேள்வி எழுதி அனுப்பியிருப்பதாகத் தலைவர் சொல்லுகின்றார், அவற்றைப் பார்ப்போம்.