மிஞ்சின காய் வீடு தேடி வந்தால்...

(வரதராஜன்பேட்டையில் நடந்த குழு ஊக்குநர்கள், பிரதிநிதிகள் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



சேமிப்பு, கடன், தவணை என்று மாதா மாதம் பேசுகிறோம். இன்றைக்கு நம்ம அடுப்படியைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம்.

நம்ம ஊரைச் சுற்றிலும் முந்திரித் தோப்புதான். கோடையில் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை என்ன செய்கிறோம்? பெரும்பாலும் மரத்தடியிலேயே விட்டுவிடுகிறோம். ஆரஞ்சுப் பழத்தைவிடப் பல மடங்கு வைட்டமின் சி அதில் இருக்கிறது. ஆனால் ஒரு நாள் தாண்டினா புளிச்சுப் போயிடும். அதனால் வெளியூர் சந்தைக்குப் போவதில்லை. கோவாவில் அதைப் பிழிந்து ஃபெனி என்ற சாராயம் காய்ச்சுகிறார்கள். அந்த வழி நமக்கு வேண்டவே வேண்டாம்!

பெரம்பலூர் பக்கம் சின்ன வெங்காயத்துக்கும் இதே கதைதான். தரம் பிரிக்கும்போது பொடி என்று ஒதுக்கினால் விலை இறங்கிவிடும். ருசியில் என்ன குறை? ஒன்றும் இல்லை.

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 105 கோடி டன் உணவு வீணானதாம். அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. உணவு வீணாகும்போது அதை விளைவிக்கச் செலவான தண்ணீர், உரம், உழைப்பு எல்லாமே சேர்ந்து வீண்.

வெளிநாடுகளில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அமெரிக்காவில் 2015இலும், லண்டனில் 2016இலும் சில நிறுவனங்கள் கோணல் காய், அதிகம் விளைந்த பழம் இவற்றைப் பெட்டியில் போட்டு வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தன. நம் மாநிலத்தில் இடைத்தரகர் இல்லாமல் விவசாயி நேரடியாக விற்க 1999இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். இந்த இரண்டு யோசனையையும் சேர்த்து, சில குழுக்களோடு நாங்கள் ஆறு வாரம் முயன்று பார்த்தோம். உறுப்பினர்களின் வயலிலும் தோட்டத்திலும் மிஞ்சினதை வாங்கி, வாரம் ஒரு மஞ்சப்பை வீட்டுக்கு வீடு கொடுத்தோம். அதில் தெரிந்த மூன்று விஷயங்களைச் சொல்கிறோம்.

ஒன்று, பை வரும் நாள். சந்தைக்குப் போய் வந்த பிறகு பை வந்தால் இரண்டும் சேர்ந்து கீரை அழுகிப் போகும். "சந்தைக்கு முதல் நாளே குடுத்துடுங்க, இல்லாததை மட்டும் வாங்கிக்கிறோம்" என்று உறுப்பினர்களே சொன்னார்கள். அப்படிச் செய்த வீடுகளில் குப்பைக்குப் போனது குறைந்தது.

இரண்டு, சமையல். "வாரம் பூரா கத்திரிக்காய்தானா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. எது விளைகிறதோ அதுதான் பையில் வரும். ஒரு நாள் குழம்பு, ஒரு நாள் சுட்டுக் கடைசல், மீதி வற்றல் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டே கற்றுக்கொண்டார்கள். முந்திரிப் பழத்தை நறுக்கி உப்புத் தண்ணீரில் போட்டு எடுத்தால் தொண்டைக் காறல் குறைகிறது. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. கீரை, பருப்பில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர வைட்டமின் சி உதவும். முருங்கைக்கீரை சாப்பிடுகிற அன்றைக்கு இந்தப் பழத்தில் நாலு துண்டு சாப்பிடுங்கள்.

மூன்று, விலை. இதுதான் முக்கியம். மிஞ்சினதுதானே, சும்மா கொடுக்கலாமே என்று வாங்குகிறவர்களுக்குத் தோன்றும். விளைவித்த ஒரு சகோதரி சொன்னார்: "உங்களுக்கு அது மிச்சம். எனக்கு அது பறிச்ச கூலி." கூட்டத்தில் யாரும் பதில் பேசவில்லை. வாங்குகிறவளும் விற்கிறவளும் நம் உறுப்பினர்தானே? ஒருத்தி வயிறு நிறைய இன்னொருத்தி நட்டப்படக் கூடாது. பறிக்கும் கூலிக்குக் கீழே விலை வைப்பதில்லை என்று பேசி முடிவு செய்தோம். தரம் பிரித்து வீடு வீடாகக் கொண்டுபோகும் பெண்ணுக்கும் கூலி உண்டு. அவள் செய்வதை இலவசச் சேவை என்று எழுதக் கூடாது.

அப்படியும் பை சந்தை விலையைவிடக் குறைவாகத்தான் வந்தது. லாரி வாடகை இல்லை, கமிஷன் இல்லை. தெருவுக்குத் தெரு நடந்தே போகிற தூரம். வெளியூர் போக முடியாத முந்திரிப் பழம்கூட அடுத்த தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

எனவே சகோதரிகளே, அடுத்த குழுக் கூட்டத்தில் மூன்று கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். நம் குழுவில் யாரிடம் என்ன மிஞ்சுகிறது? எத்தனை வீட்டுக்கு வேண்டும்? பறிக்கக் கூலி எவ்வளவு? பதில் கிடைத்தால் பத்து வீட்டோடு ஆரம்பிக்கலாம். பெரிய முதலீடு ஒன்றும் வேண்டாம்; ஒரு தராசும் பத்து மஞ்சப்பையும் போதும்.