குருளைகள் பிறந்த இரவு



நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் இளமைக்கும் தொல்காப்பியர் மரபியலிலே 'குருளை' என்ற பெயரைத் தருகிறார். குட்டி, பறழ் என்றாலும் விலக்கில்லை என்கிறார். வாசலிற் கிடக்கும் நாயையும் வனத்துப் புலியையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்த்த கண் அது. எங்கள் ஊரிலோ நாய்க்குட்டிக்கு இரண்டே பெயர்கள்: கடுவன், பெட்டை. கடுவனுக்கு ஒரு வீடு கிடைத்துவிடும். பெட்டைக்குச் சந்தியோ கோயில் வீதியோதான்.

1992ஆம் ஆண்டு கார்த்திகை மாதம். குடாநாட்டில் மின்சாரம் நின்று இரண்டு வருடங்கள் கடந்திருந்தன. யாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, சில துளி மண்ணெண்ணெயில் எரித்த விளக்குத்தான் எங்களுக்கு வெளிச்சம். வெளியே அடைமழை. எங்கள் கறுப்பி காலையிலிருந்து சாப்பாட்டைத் தொடவில்லை. குசினி மூலையிற் கிடந்த சாக்கைக் கால்களாற் கிளறிக் கிளறிப் படுத்தாள், எழும்பினாள்.

"இண்டைக்கு ராவைக்குள்ளை போட்டிடும். பக்கத்திலை இருங்கோ, ஆனால் தொடாதேங்கோ" என்றார் அம்மம்மா.

நாயின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 63 நாட்கள். வழக்கமாக 38 பாகை செல்சியசுக்கு மேலிருக்கும் அதன் உடல் வெப்பம் 37 பாகை அளவுக்கு இறங்கினால், ஒரு நாளுக்குள் ஈன்றுவிடும் என்பதைப் பின்னாளில் ஒரு மிருக வைத்தியரிடம் அறிந்தேன். அம்மம்மாவிடம் வெப்பமானி இருக்கவில்லை. அவரிடம் இருந்தது பொறுமை.

முதல் நான்கு குட்டிகளுக்கும் எங்கள் உதவி தேவைப்படவில்லை. ஒவ்வொன்றும் மெல்லிய பையொன்றுக்குள் வந்தது. கறுப்பி பையைக் கிழித்தாள், கொடியைக் கடித்தாள், நக்கி நக்கி மூச்சை வரவழைத்தாள். ஐந்தாவது வந்தபோது அவள் களைத்துவிட்டாள். திரும்பியும் பார்க்கவில்லை. பைக்குள் அசைவில்லாமற் கிடந்தது குட்டி.

"காலிலை பிடிச்சுச் சுழட்டு" என்றார் உதவிக்கு வந்திருந்த அயலவர். அக்காலத்தில் அப்படிச் செய்வார்கள். குட்டியின் மூளைக்கு ஊறு வரும் என்று இன்று வைத்தியர்கள் அதனை விலக்குகிறார்கள். அம்மம்மா அவர் பேச்சைக் கேட்கவில்லை. விரலாற் பையைக் கிழித்து, வாயையும் மூக்கையும் துடைத்தார். கொடியை நூலாற் கட்டி வெட்டினார். தலையைச் சற்றே சரித்துப் பிடித்து, பழைய துவாயால் முதுகை உரஞ்சினார். நான் விளக்கைப் பிடித்திருந்தேன். நெடுநேரத்தின் பின் ஒரு சிறு கீச்சுக் குரல் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அது ஒரு பெட்டை.

இரண்டு கடுவன், மூன்று பெட்டை. கடுவன்கள் இரண்டையும் கேட்டு வைத்திருந்தார்கள். கண் திறந்து பாற்குடி மறந்ததும், ஐயா சாக்கை எடுத்தார். கடைசிக் குட்டியைக் கண்டதும் கை நின்றது.

"உயிரைக் குடுத்துப்போட்டு இதை எப்பிடிச் சந்தியிலை விடுறது?"

அதை வைத்துக்கொண்டோம். மற்றப் பெட்டைகள் இரண்டும் சாக்கிலே போயின. நாங்கள் ஒருவரும் மறிக்கவில்லை. அவை சுகமாகப் பிறந்தவை. எங்கள் கை அவற்றிற் படவில்லை. நாம் காப்பாற்றியதிலே மட்டும் நமக்குப் பாசம் ஊறுகிறது என்பதை அன்று நான் உணரவில்லை.

மகாபாரதத்தின் ஆதிபருவத்திலே சரமை என்ற தாய்நாய் வருகிறாள். ஒரு குற்றமும் செய்யாத தன் மகனை ஏன் அடித்தீர்கள் என்று ஜனமேஜயனின் வேள்விச் சபையிலே நின்று கேட்கிறாள். அரச குலத்தவரிடம் மறுமொழியில்லை. சபித்துவிட்டுப் போகிறாள். எங்கள் கறுப்பிக்குப் பேச வாயில்லை. இரண்டு நாட்கள் வளவு முழுவதும் மோந்து திரிந்தாள். பிறகு, வெறுமையாகத் திரும்பி வந்த அந்தச் சாக்கின்மேலே படுத்துக்கொண்டாள்.

நேயர்களே, இன்று நாய்களுக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை உண்டு. வேண்டாத குட்டிகளைப் பிறக்கவிட்டுச் சாக்கைத் தேட வேண்டியதில்லை. பிறந்துவிட்டாலோ, கடுவனும் பெட்டையும் தாய்க்கு ஒன்றுதான். அவளிடம் இருப்பது ஒரே பெயர்: குருளை.