சண்டர்லாந்து வென்ற கோப்பை



லீக் பந்தயம் வேறு, கோப்பைப் பந்தயம் வேறு. லீக்கில் ஒருநாள் சறுக்கினால் மறுநாள் ஈடு செய்துகொள்ளலாம். கோப்பைப் பந்தயத்திலோ தோற்றவர் அன்றே மூட்டை கட்டவேண்டியதுதான். இங்கிலாந்தில் 1871-ஆம் ஆண்டில் தொடங்கிய எஃப். ஏ. கோப்பை இவ்வகைப் பந்தயங்களுள் மிகப் பழமையானது. பெருங்கழகங்கள் மூன்றாம் சுற்றில் வந்து சேரும். அதன்பின் யார் யாருடன் மோதுவது என்பதைக் குலுக்கலே முடிவு செய்யும்.

1972-73 பருவத்தைப் பாருங்கள். சண்டர்லாந்து, கப்பல் கட்டும் துறைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் நிறைந்த வடகிழக்கு நகரம். 1972 நவம்பரில் பாப் ஸ்டோக்கோ நிர்வாகியாக வந்தபோது, அதன் கழகம் இரண்டாம் பிரிவின் அடிப்பகுதியில் தத்தளித்துக் கொண்டிருந்தது. கோப்பையின் முதல் ஆட்டத்திலேயே தன்னினும் சிறிய நாட்ஸ் கவுண்டியுடன் 1-1 எனச் சமன். அடுத்து, நான்காம் பிரிவிலிருந்த ரெடிங்குடன், சொந்த மைதானத்திலேயே மீண்டும் 1-1. பிறகு மான்செஸ்டர் சிட்டியுடன் 2-2. மூன்று முறையும் மறு ஆட்டத்தில்தான் வென்றது. லூட்டனை 2-0 என்றும், அரையிறுதியில் ஆர்சனலை 2-1 என்றும் வீழ்த்தி வெம்பிளி சேர்ந்தது.

அந்த மறு ஆட்டத்தை 2024-25 பருவம் முதல் நீக்கிவிட்டார்கள். இப்போது சமனானால் கூடுதல் நேரம், பின்னர் பெனால்டி. பெருங்கழகங்களின் ஆட்டப் பளு காரணம் என்கிறார்கள். காரணம் பொய்யன்று. ஆனால் மறு ஆட்டத்தின் நுழைவுச்சீட்டு வருமானம் சிறு கழகங்களுக்குப் பெருந்துணை. அதைப் பறித்தது எனக்கு உடன்பாடில்லை.

இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு தகுதி உண்டோ, அறியேன். நான் தலைமையாசிரியராக இருந்தபோது, குலுக்கலில் எங்கள் பள்ளி மாவட்டச் சாம்பியனுடன் மோதும்படி நேர்ந்தது. "தோற்கத்தானே போகிறீர்கள்? தேர்வு நெருங்குகிறது" என்று சொல்லிப் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். கோல் காவலனாக இருந்த மாணவன் ஒன்றும் பேசவில்லை. சட்டையை மடித்து என் மேசைமீது வைத்துவிட்டுச் சென்றான்.

1973 மே 5. எதிரணி லீட்ஸ், முந்திய ஆண்டில் கோப்பை வென்ற அணி. முப்பத்திரண்டாம் நிமிடத்தில், இடக்கால் ஆட்டக்காரரான இயன் போர்ட்டர்ஃபீல்டு வலக்காலால் உதைத்துக் கோல் போட்டார். பிற்பாதியில் லீட்ஸ் வீரர் செரி பாய்ந்து தலையால் முட்டிய பந்தைக் கோல் காவலர் ஜிம் மான்ட்கோமரி தட்டிவிட்டார். அது நேரே லாரிமரின் காலடியில் விழுந்தது. கோல் என்றே யாவரும் எண்ணினர். தரையில் கிடந்த மான்ட்கோமரி எழுந்து கை நீட்ட, பந்து மேல் கட்டையில் மோதித் திரும்பியது. 1-0. இரண்டாம் பிரிவு அணியொன்று கோப்பையை வென்றது 1931-க்குப் பிறகு அன்றுதான்.

அந்தப் படத்தைப் பின்னாளில் கண்டேன். இறுதி ஊதல் ஒலித்ததும், மழைக்கோட்டும் தொப்பியுமாக ஸ்டோக்கோ மைதானத்துக்குள் ஓடுகிறார். கோல் போட்டவரை நோக்கியன்று. கோல் காவலரை நோக்கி. மடித்து வைத்த அந்தச் சட்டைதான் எனக்கு நினைவுக்கு வந்தது.