தீர்ந்த அணு எரிபொருளின் வரவு செலவு

இடுக்கி மாவட்டம் மூலமற்றத்தில் 1976-இல் தொடங்கி, 780 மெகாவாட்டாக வளர்ந்த நீர்மின் நிலையத்துக்கு எரிபொருள் செலவு இல்லை. சுழலியைச் சுற்றிய நீர் ஆற்றோடு போய்விடுகிறது. கல்பாக்கம் அணுமின் நிலையத்திலும் கேரளத்துக்குப் பங்கு உண்டு. ஆகவே இடுக்கி, பாலக்காடு எல்லைச் சிற்றூர்களின் விளக்கிலும் அணுவின் ஒளி சிறிது கலந்திருக்கிறது. ஆனால் அங்கே எரிந்த எரிபொருள் எங்கும் போய்விடுவதில்லை. அதை மறுசுத்திகரிப்பது ஆதாயமா என்பதே ஆராயத்தக்க வினா.

கனநீர் உலையில் இயற்கை யுரேனியம் எரிகிறது. தீர்ந்த எரிபொருள் ஒரு டன்னில் புளூட்டோனியம் 4 கிலோகிராமுக்கும் குறைவே. எஞ்சும் யுரேனியமோ இயற்கையில் கிடைப்பதைவிடத் தரம் தாழ்ந்தது. அந்தச் சிறு அளவுக்காக, தடித்த கான்கிரீட் சுவருக்குள் தொலைவிலிருந்து இயக்கி, கோல்களை நறுக்கி, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, புளூட்டோனியத்தைப் பிரித்து, மிஞ்சும் கதிரியக்கக் கழிவைக் கண்ணாடியாக்க வேண்டும். செலவு டன் கணக்கில், வரவு கிலோ கணக்கில்.

பிற நாடுகளின் அனுபவமும் ஊக்கமளிப்பதாக இல்லை. அமெரிக்காவின் வெஸ்ட் வேலி ஆலை 1966 முதல் 1972 வரையே இயங்கியது. 1977-இல் அந்நாடு விதித்த தடை 1981-இல் நீங்கியும் தனியார் எவரும் முன்வரவில்லை. பிரிட்டனின் தார்ப் ஆலை 1994-இல் தொடங்கி 2018-இல் நின்றது. பிரான்சோ லா ஹேகில் விடாது நடத்தி வருகிறது.

இந்தியா 1964-இல் டிராம்பேயில் தொடங்கி, தாராப்பூர், கல்பாக்கம் என விரித்தது. யுரேனியம் சொற்பம், கேரளக் கடற்கரை மணலில் தோரியம் மிகுதி என்பதே அதன் அடிப்படை. 2008-க்குப் பின் யுரேனிய இறக்குமதிக்கு வழி திறந்ததால் இவ்வாதத்தின் வலு ஓரளவு குறைந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி, புளூட்டோனியத்தை வாங்குவோர் யார்? வேக ஈனுலை ஒன்றே. கல்பாக்கத்தின் 500 மெகாவாட் ஈனுலைக்கு முதல் நிரப்புக்கே ஏறக்குறைய 2 டன் வேண்டும். அதாவது 500 டன்னுக்கு மேற்பட்ட தீர்ந்த எரிபொருள். ஆண்டுக்கு 100 டன் திறனுள்ள ஆலை குறையின்றி ஓடினாலும் ஐந்தாண்டு உழைப்பு. எனவே முன்கூட்டியே சேர்த்தது தவறன்று. ஆனால் 2004-இல் கட்டத் தொடங்கி, 2010-இல் முடியுமென எதிர்பார்த்த அவ்வுலையில் உலைக்கருவை நிரப்பும் பணி 2024 மார்ச்சில்தான் தொடங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் பெட்டகத்திலிருந்த புளூட்டோனியம் வட்டியைத்தான் ஈட்டித் தந்தது, அதுவும் செலவுப் பக்கத்தில். குளத்திலேயே கிடந்திருந்தால் காப்புச் செலவு மிகக் குறைவு, வெப்பமும் தணிந்திருக்கும்.

ஈனுலை எரிபொருளில் புளூட்டோனியம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். அதை மறுசுத்திகரிக்கும்போது டன்னுக்குக் கிடைப்பது கனநீர் உலையினதைப்போல் பன்மடங்கு. அதற்கென்றே கல்பாக்கத்தில் தனி ஆலை திட்டமிடப்பட்டது. அது ஈனுலையோடு காலம் ஒத்து இயங்குமா என்பதைப் பொறுத்தே முன் செய்த செலவு மீளும்.