“ஒன்றும் இல்லை” என்று சொன்னால் போதுமா?
(நமது சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன், டாக்டர் அல்ல. படித்துத் தெரிந்துகொண்டதை மட்டும் சொல்கிறேன்.

திடீரென்று நெஞ்சு படபடக்கும். வியர்க்கும், மூச்சு முட்டும், விரல்கள் மரத்துப்போகும். உயிரே போய்விடும் போலிருக்கும். ஆஸ்பத்திரிக்கு ஓடினால் இசிஜி சரியாக இருக்கும். “ஒன்றும் இல்லை” என்பார்கள். வீட்டிலும் “எல்லாம் மனப்பிரமை, தைரியமாக இரு” என்று முடித்துவிடுவோம்.

வங்கியில் ஒரு ரூபாய் உதைத்தாலும் அன்றைய கணக்கை மூட மாட்டோம். இதுவும் அப்படித்தான். இசிஜி சரி, ஆனால் ஆளுக்கு அவஸ்தை தீரவில்லை என்றால் கணக்கு இன்னும் டேலி ஆகவில்லை என்று அர்த்தம்.

இதற்குப் பெயர் பேனிக் அட்டாக். ஆபத்து வந்தால் தப்பி ஓடுவதற்காக உடம்பு அட்ரினலினைச் சுரக்கும். ஆபத்து இல்லாதபோதும் அது சுரந்தால் இப்படி ஆகும். வேகமாக மூச்சு வாங்குவதால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. மரமரப்பும் தலைசுற்றலும் அதனால்தான், நடிப்பு இல்லை. பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்ப் பிறகு தணிந்துவிடும்.

ஆனால் மாரடைப்புக்கும் இதே அறிகுறிகள் உண்டு. அதனால் முதல் முறை வரும்போது நாமே முடிவு செய்யாமல் 108-ஐ அழையுங்கள். பிறகு தைராய்டும் பார்த்துக்கொள்வது நல்லது.

பெரிய நஷ்டம் அதற்குப் பிறகுதான். ரயிலில் ஒருமுறை இப்படி வந்தவர், அடுத்த நாள் கூட்டமான வண்டியை விட்டுவிடுவார். அப்புறம் லீவு போடுவார். அப்புறம் கடைக்குக்கூடத் தனியாகப் போக மாட்டார். கடம்பத்தூரில் நம்மில் பலருக்கு ரயிலை விட்டால் பிழைப்பு ஏது? தள்ளிப்போடத் தள்ளிப்போட பயம் வட்டியோடு வளரும்.

இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. பயந்த இடத்துக்குப் படிப்படியாகத் திரும்பிப் போகப் பழக்கும் பேச்சு சிகிச்சை ஒன்று. மாத்திரை இன்னொன்று. மாத்திரை பலன் தரச் சில வாரங்கள் ஆகும். நாமாக நிறுத்தக் கூடாது. மெடிக்கல் ஷாப்பில் நாமாகத் தூக்க மாத்திரை கேட்டு வாங்கவும் வேண்டாம். அது இல்லாமல் முடியாது என்றாகிவிடும்.

எங்கே போவது? ஏகாட்டூர் தாண்டினால் திருவள்ளூர். அங்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மனநலப் பிரிவு எது என்று கேளுங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் வெளிநோயாளிகளைப் பார்க்கிறார்கள். நேரில் போகத் தயக்கமா? 14416-க்குப் போன் செய்யுங்கள். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். மெடிக்ளைம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறது.

ஏற்கெனவே டாக்டர் பார்த்து, இது பேனிக் அட்டாக்தான் என்று சொன்னவருக்கு மறுபடி வந்தால், கூட்டம் கூடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். “நான் இருக்கேன், கொஞ்ச நேரத்தில் அடங்கிடும், மூச்சை மெதுவா வெளியே விடுங்க” என்று சொல்லுங்கள். காகிதப் பையில் மூச்சு விடச் சொல்லும் பழைய முறை வேண்டாம், அது ஆபத்து.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் குடியிருப்பில் யாராவது மனநல டாக்டரிடம் போய் வந்தால், லிஃப்டில் அதைப் பேச்சாக்காதீர்கள். நம் பேச்சுக்குப் பயந்தே பலர் போகாமல் இருக்கிறார்கள்.