எந்த மேக்னம் தோட்டா? நான் தப்பா சொன்ன ஒரு பதில்

(பாட்காஸ்ட் பேச்சின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தப்பட்டது.)

திருவண்ணாமலையிலிருந்து உங்க நண்பன் பேசுறேன். பகல்ல கோட் எழுதுறது, ராத்திரி உங்ககிட்ட பேசுறதுன்னு நம்ம பொழப்பு ஓடிக்கிட்டிருக்கு.

இன்னைக்குத் தலைப்பைப் பார்த்துட்டு, "நம்ம ஊர்ல யாருடா வேட்டைக்குப் போறா?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1991-ல அதுக்கு வந்த திருத்தமும் சேர்ந்து நம்ம நாட்டுல வேட்டைக்குக் கதவைச் சாத்திடுச்சு. கிரிவலம் போறப்போ காட்டோரமா புள்ளிமான் நின்னா போட்டோ எடுக்கலாம், அவ்வளவுதான். அதுல எனக்கு எந்த வருத்தமும் இல்ல.

ஆனா என் கூட இன்ஜினியரிங் படிச்ச ஒரு நண்பன் இப்போ நியூசிலாந்துல, கிறைஸ்ட்சர்ச்ல வேலை பார்க்கிறான். அங்க நிலைமை தலைகீழ். வௌவாலைத் தவிர நிலத்துல வாழுற பாலூட்டி எதுவும் அந்த நாட்டுக்குச் சொந்தமில்ல. 1904-ல வேட்டைக்காகவே இமயமலை வரையாட்டைக் கொண்டுபோய் அவங்க மலையில விட்டாங்க. அது பெருகி, மலைச் செடிகளை மேய்ஞ்சு தீர்க்க ஆரம்பிச்சது. 1993-ல அரசாங்கமே ஒரு திட்டம் போட்டு, எண்ணிக்கை 10,000-ஐத் தாண்டக் கூடாதுன்னு வரம்பு வெச்சது. அதனால அங்க வரையாட்டைச் சுடுறது சட்டப்படி சரி. இந்தியாவுல அதே மிருகத்தைத் தொட்டா ஜெயில்.

நண்பன் லைசென்ஸ் எடுத்துட்டு எனக்கு போன் பண்ணான். "மச்சான், நீ கணக்குல கில்லாடி. 7 எம்எம் ரெமிங்டன் மேக்னமா, .300 வின்செஸ்டர் மேக்னமா? எது எடுக்கலாம்னு சொல்லு."

மேக்னம்னா என்ன?

முதல்ல பேரைப் புரிஞ்சுக்கலாம். பெரிய ஷாம்பெயின் பாட்டிலுக்கு மேக்னம்னு பேரு. அதே அர்த்தத்துல, வழக்கத்தைவிட அதிக வெடிமருந்து பிடிக்கிற தோட்டாவுக்கும் அந்தப் பேரு வந்துச்சு. 1912-ல லண்டன்ல ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி .375 மேக்னம்னு ஒன்னு கொண்டுவந்தாங்க. அதோட அடிப்பகுதியில பெல்ட் மாதிரி ஒரு பட்டை இருக்கும். 1962-ல வந்த 7 எம்எம் ரெமிங்டன் மேக்னமுக்கும், 1963-ல வந்த .300 வின்செஸ்டர் மேக்னமுக்கும் அதே பட்டைதான். ரெண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைங்க.

7 எம்எம்-ல போடுற குண்டு சுமார் 10 கிராம். .300-ல சுமார் 11.5 கிராம். ரெண்டும் குழலை விட்டு வெளிய வர்ற வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 900 மீட்டர். ஒலியைப் போல ரெண்டரை மடங்குக்கும் மேல.

நான் உட்கார்ந்து எக்செல்ல ஒரு ஷீட் போட்டேன். மான் அளவு மிருகத்துக்குக் குண்டு போய்ச் சேரும்போது சுமார் 1,350 ஜூல் சக்தி இருந்தா போதும்னு வேட்டைக்காரங்க வட்டாரத்துல ஒரு பழைய கணக்கு உண்டு. ரெண்டு தோட்டாவுமே 500 மீட்டர்ல 2,000 ஜூலுக்கு மேல காட்டுச்சு. செல்லுக்குப் பச்சைக் கலர் அடிச்சேன். .300-ல நம்பர் கொஞ்சம் பெருசா இருந்துச்சு. "மச்சான், .300 எடு. 500 வரைக்கும் ஓகே"ன்னு மெசேஜ் அனுப்பிட்டுத் தூங்கிட்டேன்.

480 மீட்டர்

ஜூன் மாசம், அங்க குளிர்காலம். தெரிஞ்சவர் ஒருத்தரோட .300-ஐ வாங்கிட்டு, அவர்கூடவே மலைக்குப் போனான். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ஒரு கிடா நின்னுச்சு. தூரம் அளக்கிற கருவியில 480 மீட்டர்னு வந்துச்சு. அது எவ்வளவு தூரம்னு நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்றேன். அண்ணாமலையார் கோயில்ல ராஜகோபுரத்துலேர்ந்து மேற்கே பேய்க் கோபுரம் வரைக்கும் சுமார் 450 மீட்டர். அதையும் தாண்டின தூரம்.

சுட்டான். பட்டுச்சு. ஆனா நெஞ்சுல படல, வயித்துல பட்டுச்சு. கிடா முகட்டைத் தாண்டி ஓடிடுச்சு. ரெண்டு நாள் பனியில தேடினாங்க. முதல் நாள் ரத்தம் தெரிஞ்சது. ராத்திரி விழுந்த பனியில அதுவும் மறைஞ்சிடுச்சு. கடைசி வரை கிடைக்கல.

வயித்துல குண்டு பட்ட மிருகம் உடனே சாகாது. மணிக்கணக்குல, சில நேரம் நாள் கணக்குல கிடந்து சாகும். அவன் போன்ல திட்டல. "நீ 500 வரைக்கும் ஓகேன்னு சொன்னல்லடா"ன்னு மட்டும் கேட்டான். அந்தக் கேள்வி எனக்கு இன்னும் காதுல இருக்கு.

என் ஷீட்ல இல்லாதது

என் கணக்குல பிழை இல்ல. அவன் சொன்ன தூரத்துல சக்தி தாராளமா இருந்துச்சு. ஆனா நான் கேட்டிருக்க வேண்டியது, குண்டு அந்த இடத்துல போய்ப் படுமாங்கிறது. அதைப் பத்தி என் ஷீட்ல ஒரு வரி கூட இல்ல.

குண்டு கீழே இறங்குறது பெரிய பிரச்சினை இல்ல. 200 மீட்டருக்குச் சரி பண்ணி வெச்ச துப்பாக்கியில, 500 மீட்டர்ல குண்டு ஒரு மீட்டருக்கு மேல இறங்கியிருக்கும். ஆனா புவியீர்ப்பு மாறாது. தூரம் தெரிஞ்சா ஸ்கோப்ல அதுக்கு ஏத்த மாதிரி திருப்பிக்கலாம்.

காத்து அப்படி இல்ல. பக்கவாட்டுல மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்துல காத்து அடிச்சா, 300 மீட்டர்ல குண்டு சுமார் 12 சென்டிமீட்டர் நகரும். அரைச் சாணுக்குக் கொஞ்சம் கூட. 500 மீட்டர்ல 37, 38 சென்டிமீட்டர். கோயில் வாசல்ல பூக்காரம்மா அளக்கிற ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. வரையாட்டோட இதயமும் நுரையீரலும் இருக்கிற இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுதான். முழத்துல தப்பினா வயிறு.

காத்தைத்தான் அளந்துக்கலாமேன்னு நினைப்பீங்க. நிக்கிற இடத்துல அளக்கலாம். நடுப் பள்ளத்துல என்ன அடிக்குதுன்னு எப்படித் தெரியும்? கார்த்திகை தீபத்தன்னைக்குப் பார்த்திருப்பீங்க. கீழ மாட வீதியில இலை அசையாது, மலை மேல தீபத்தோட புகை ஒரு பக்கமா சாஞ்சு ஓடும். அதே கதைதான்.

அடுத்தது நேரம். 500 மீட்டர் போக இந்தக் குண்டுக்கு சுமார் 0.65 விநாடி ஆகும். விசையை அழுத்தினதுக்கு அப்புறம் ஆடு ஒரு எட்டு எடுத்து வெச்சா முடிஞ்சது. 300 மீட்டர்னா 0.36 விநாடிதான்.

இதுல வேடிக்கை என்னன்னா, காத்துலயும் நேரத்துலயும் இந்த ரெண்டு மேக்னமுக்கும் நடுவுல வித்தியாசம் விரற்கடை அளவுதான். எது எடுக்கலாம்னு நாங்க மணிக்கணக்குல பேசினோம். 300-க்கும் 500-க்கும் நடுவுல இருக்கிற பெரிய பள்ளத்தைப் பத்திப் பேசவே இல்ல.

தோள்பட்டையில உதை

ஒரு விஷயத்துல மட்டும் ரெண்டும் நிஜமாவே வேற. .300-ஓட பின்உதை, அதே எடைத் துப்பாக்கியில, 7 எம்எம்-ஐவிட ஏறக்குறைய கால் பங்கு அதிகம். லட்சுமி வெடிக்குத் திரி கொளுத்தும்போது, வெடிக்கிறதுக்கு முன்னாடியே கண்ணை மூடிக்குவோம்ல, அதே மாதிரி உடம்பு உதையை எதிர்பார்த்து முன்கூட்டியே சுருங்கும். சுடுறவனுக்கே தெரியாது. வலி அதிகமானா பயிற்சியும் குறையும்.

ஜிம் கார்பெட்டை எடுத்துக்கோங்க. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்னதுக்காக 1907-ல அவருக்குப் பரிசாக் கொடுத்தது .275 ரிக்பி துப்பாக்கி. அதோட குண்டும் 7 எம்எம் ரகம்தான். ஆனா மேக்னம் இல்ல, வெடிமருந்தும் வேகமும் குறைவு. 1926-ல ருத்ரபிரயாக் சிறுத்தையை அவர் வீழ்த்தினது அதே ரிக்பியாலதான். அவர் எழுதினதைப் படிச்சா தெரியும், பெரும்பாலும் பக்கத்துல போய்த்தான் சுட்டிருக்கார். துப்பாக்கியில இல்லாத சக்தியை நடந்து ஈடு கட்டினார்னு நான் புரிஞ்சுக்கிட்டேன்.

கடைசியா என்ன எடுத்தான்?

நண்பன் 7 எம்எம் ரெமிங்டன் மேக்னம் வாங்கினான். உதை குறைவு, அதனால மாசா மாசம் ரேஞ்சுக்குப் போய்ப் பழக முடியுது. .300 மோசம்னு நான் சொல்லல. பழகின தோள் இருந்தா அதுவும் நல்ல தோட்டாதான். ஆனா தனக்கு 300 மீட்டர்தான் எல்லைன்னு அவனே ஒரு கோடு போட்டுக்கிட்டான்.

நானும் ஷீட்டை மாத்தினேன். பச்சைக் கலர் செல்லை எடுத்துட்டேன். இப்போ முதல் வரியில, "படுத்த நிலையில, காத்துல, 10 தடவை சுட்டா 10-ம் தட்டுக்குள்ள விழுற தூரம் எவ்வளவு?"ன்னு ஒரு கேள்வி இருக்கு. அதை நிரப்பாம தோட்டா பேரே வராது.

போன குளிர்காலத்துல திரும்பவும் மலைக்குப் போனான். மத்தியானம் நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது போன். 430 மீட்டர்ல ஒரு பெரிய கிடா நின்னுச்சாம், பக்கத்துல போக வழி இல்லையாம். பார்த்துட்டு இறங்கிட்டானாம்.

"ஒன்னும் கிடைக்கலடா"ன்னான். கொஞ்ச நேரம் கழிச்சு, "ஆனா இந்தத் தடவை எதையும் தேட வேண்டி வரல"ன்னான்.

வெளிநாட்டுல இருந்து கேட்கிற நண்பர்கள் யாராவது இந்த மாதிரி துப்பாக்கி வாங்கப் போறீங்கன்னா, தோட்டா பேரைத் தேடுறதுக்கு முன்னாடி உங்க தூரத்தைக் கண்டுபிடிச்சிட்டு வாங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.