முள் தாழ்ந்தால் குளிர்ச்சியா?



எண்ணூர் என்றால் லாரியும் பேருந்தும் பிறக்கும் ஊர் என்றே உங்களுக்குத் தோன்றும். ஆயினும், 1948-இல் தோன்றி எண்ணூரில் தொழிற்சாலை அமைத்த அசோக் மோட்டார்ஸ், ஆஸ்டின் ஏ40 என்னும் சிறிய காரின் பாகங்களை வரவழைத்துப் பூட்டித்தான் தன் தொழிலைத் தொடங்கியது. 1955-இல்தான் அது அசோக் லேலண்டு ஆயிற்று.

அக்காலத்துக் கார்கள் பலவற்றில் எஞ்சினின் சூட்டைக் காட்டிய கருவி மிக எளியது. ஈதர் அடைத்த குமிழ் ஒன்று குளிர்விக்கும் நீரில் மூழ்கியிருக்கும். அங்கிருந்து மெல்லிய செப்புக்குழாய் ஒன்று ஓட்டுநரின் முன்னுள்ள முகப்பு வரை வரும். நீர் சூடேறினால் ஈதர் ஆவியின் அழுத்தம் மிகும், முள் நகரும். மின்சாரமே வேண்டா.

இன்றைய காரில் குமிழின் இடத்தில் சென்சார் இருக்கிறது. அதனுள்ளே இருப்பது உலோக ஆக்சைடுகளால் ஆன சிறு மணி. செப்புக்கம்பி சூடேறினால் மின்தடை கூடும், இம்மணிக்கோ குறையும். இத்தகைய இயல்பை வெள்ளி சல்பைடில் 1833-லேயே பாரடே கண்டறிந்தார். பல கார்களில், 20 டிகிரியில் ஏறத்தாழ 2,500 ஓம் இருக்கும் தடை, 80 டிகிரியில் 300 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். அதைக் கொண்டே காரின் கணிப்பொறி பெட்ரோலின் அளவையும் விசிறி சுழல வேண்டிய நேரத்தையும் முடிவு செய்கிறது.

ஒரு சித்திரை மாத நண்பகலில் இராயபுரத்திலிருந்து எண்ணூருக்கு என் பழைய சிறு காரில் புறப்பட்டேன். திருவொற்றியூரைத் தாண்டியதும் கண்டெய்னர் லாரிகளின் நெடிய வரிசையில் அகப்பட்டுக்கொண்டேன். சூட்டுமுள் ஏறிற்று, கவலையுற்றேன். சற்றைக்கெல்லாம் தானே தாழ்ந்தது, மகிழ்ந்தேன். நாற்பதாண்டு பௌதிகம் கற்பித்தவனின் மகிழ்ச்சி அது! சிறிது நேரத்தில் ரப்பர் தீயும் நாற்றம் எழுந்தது, எஞ்சின் நின்றது. ரேடியேட்டர்க் குழாய் வெடித்து நீரெல்லாம் ஒழுகிப் போயிருந்தது. பழுது பார்க்க வந்த இளைஞர் கேட்டார்: "ஐயா, தண்ணியே இல்லாத இடத்துல முள்ளு எதைக் காட்டும்?"

நான் விடை கூறவில்லை. சென்சார் அறிவது தன்னைத் தொடும் நீரின் சூட்டை மட்டுமே. நீர் வடிந்தபின் அது வெறுங்காற்றில் நிற்கிறது. உலோகமோ உள்ளே காய்கிறது. புதுநீர் நிரப்பும்போது காற்றுக்குமிழி தங்கினாலும் இதே மயக்கம் நேரும். ஆதலின் காற்றை முற்றும் வெளியேற்ற வேண்டும்.

நம் கடற்கரையில் இன்னொரு தொல்லையும் உண்டு. உப்புக்காற்றால் சென்சாரின் இணைப்புமுனையில் பச்சைக் களிம்பு ஏறும். அக்களிம்பின் தடையும் மணியின் தடையோடு கூடிவிடுவதால், எஞ்சின் குளிர்ந்திருப்பதாகக் கணிப்பொறி எண்ணி மிகுதியாகப் பெட்ரோலைத் தெளிக்கும். புகை கறுக்கும், செலவு ஏறும். புதுச் சென்சார் வாங்குமுன் இணைப்பைக் கழற்றித் துடைத்துப் பாருங்கள்.

ஐயம் தீரவில்லையெனில், எஞ்சின் ஆறியபின் சென்சாரைக் கழற்றி, அதன் முனையை வெந்நீரில் அமிழ்த்தி, வெப்பமானியும் மல்டிமீட்டரும் வைத்து அளக்கலாம். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அரைமணி வேலை. சூடான ரேடியேட்டரின் மூடியை மட்டும் திறவாதீர்கள். அழுத்தத்தால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதியாது அடங்கியிருக்கும் நீர், மூடி தளர்ந்த கணமே முகத்தில் சீறும்.